தனி ஊர்களும் பொதுக்கடலும்

எல்லோரையும் ஆளும் ஒரு தலைமை இல்லாதபோது ஒழுங்கை யார் காப்பது? இணையத்தில் மக்கள் உரையாடும் முறையைக் குறித்து இன்று எழுந்துள்ள இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது கிள்ளையைச் சுற்றியுள்ள கடலோரமே.

அங்கே முடசல்ஓடை முதலிய மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கலாகாது என்பதை ஊரே கூடி முடிவு செய்யும். மீறியவருக்கு அபராதம் விதிக்கும். ஓர் ஊரின் தீர்ப்பு அடுத்த ஊரைக் கட்டாது. ஆயினும் கடல் பொது. சுருக்குமடி வலையை அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்த பின்னரும் இம்மாவட்டத்து ஊர்களிடையே அதுபற்றிப் பூசல் எழுந்ததை நாம் அறிவோம். நம் மஹல்லா ஜமாஅத்துகளும் அவ்வாறே தத்தம் எல்லைக்குள் தாமே பொறுப்பாளிகள்.

2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய மாஸ்டோடான் இத்தகைய ஊர்களின் கூட்டம் எனலாம். ஒவ்வொரு சர்வருக்கும் தனி விதி, தனி மட்டுறுத்துநர். 2019 ஜூலையில், வெறுப்புப் பேச்சுக்கு இடமளித்த ‘கேப்’ என்னும் தளம் அதே மென்பொருளை எடுத்துக்கொண்டது. மென்பொருள் அனைவருக்கும் பொதுவாதலின் எவராலும் தடுக்க இயலவில்லை. ஆனால் பல சர்வர்கள் அதனோடு தொடர்பை அறுத்துக்கொண்டன. அவ்வாண்டு நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதைக் கண்டு மனம் வெறுத்த இந்தியர் பலர் மாஸ்டோடானுக்குக் குடிபெயர்ந்தனர்.

கதவை அடைக்கும் உரிமை உடையோர்க்குத் திறக்கும் உரிமையும் உண்டன்றோ? மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமியைக் கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் மரியாதை செய்து வரவேற்கின்றனர். இரு சமூகத்தாரும் தத்தம் நெறியில் நின்றே இவ்வழக்கத்தைப் பேணுகின்றனர்.

எனினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. மாஸ்டோடானில் நிர்வாகி கொடியவராயின், எழுதியவற்றை விட்டுவிட்டேனும், தம்மைப் பின்தொடர்வோருடன் வேறு சர்வருக்குப் போய்விடலாம். ஊர் தள்ளிவைத்த மனிதன் எங்கே போவான்? அவனுக்குத் தொழில் அங்கே; பெண் கொடுக்கல் வாங்கல் அங்கே; இறுதியில் கபரஸ்தானும் அங்கே. சமூக விலக்கத்தைத் தடுக்கப் பம்பாய் மாகாணம் 1949இல் சட்டம் இயற்றியது. தாவூதி போராக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் அதனைச் செல்லாதென்றது. சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக மகாராஷ்டிரம் 2016இல் மீண்டும் ஒரு சட்டம் செய்தது. சமூகத்தின் தன்னுரிமைக்கும் தனிமனிதனின் வாழ்வுக்கும் இடையிலான வழக்கு அத்துணை எளிதில் தீர்வதன்று.

ஊருக்கு ஊர் விதி வேறுபடுவதில் குற்றமில்லை. வெளியேற வழியுள்ள இடத்தில் கண்டிப்பு மிகுந்தாலும் பெருந்தீங்கு விளையாது. வழியற்ற இடத்திலோ, தண்டிக்கும் கைக்கு ஓர் எல்லை வேண்டும். தண்டிக்கப்பட்டவன் தன் சொல்லை எடுத்துரைக்க மற்றோர் அவை வேண்டும். இணையத்தைக் காட்டிலும் நம் பஞ்சாயத்துகளுக்கும் ஜமாஅத்துகளுக்குமே இது அவசரத் தேவை என்பேன்.