ஆடாத ஓர் ஆட்டம்

பால் ராப்சன் என்னும் பெயர் எனக்கு முதலில் ஓர் ஆழ்ந்த குரலாகவே அறிமுகமாயிற்று. அக்குரலுக்கு உரியவர் கல்லூரி நாள்களில் அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரராக விளங்கியவர் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். அவர் ஆடிய ஆட்டங்களைவிட, ஆடவிடாமல் அமர்த்தப்பட்ட ஓர் ஆட்டமே என் நெஞ்சில் தங்கிவிட்டது.

ராப்சன் 1898ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பதினைந்தாம் வயதில் தப்பி வந்து, பின்னர்க் கல்வி கற்றுத் தேவாலயப் போதகரானவர். அப்பணி பறிபோன காலத்தில், வீடுகளின் அடுப்புச் சாம்பலை வண்டியில் அள்ளிச் சென்று பிழைத்தார். ஆறு வயது நிறையுமுன்பே தீ விபத்தில் தாயை இழந்த ராப்சனுக்குத் தந்தையே எல்லாமும் ஆனார்.

1915இல் மாநில அளவிலான தேர்வில் வென்று, உதவித்தொகையுடன் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்குப் பயின்ற ஒரே கறுப்பின மாணவர் அவர்தாம். அமெரிக்கர் கால்பந்து என்பது நாமறிந்த ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். எதிரணியினர் மோதி வீழ்த்துவர். மோதல் விதிக்கு உட்பட்டதாதலின், வெறுப்பு அதற்குள் எளிதில் ஒளிந்துகொள்ளும். அணித் தேர்வின் முதல் நாளிலேயே சக மாணவர்கள் அவரது மூக்கை உடைத்தனர், தோளும் காயமுற்றது. பத்து நாள் படுக்கையில் கிடந்தவர் மீண்டும் களத்திற்கு வந்தார். இம்முறை ஒருவன் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தான், நகங்கள் பெயர்ந்தன. அடுத்த மோதலில், பந்துடன் வந்தவனைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார் ராப்சன். தரையில் வீசியிருப்பார், அணியில் அவருக்கு இடம் உண்டு என்று பயிற்சியாளர் சான்ஃபோர்டு கூவியதும் இறக்கிவிட்டார். காலப்போக்கில் அந்த அணியே அவரை நம்பி ஆடியது.

1916இல் ரட்கர்ஸ் தனது நூற்றைம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அதையொட்டிய ஆட்டத்திற்கு வர்ஜீனியாவிலிருந்து வாஷிங்டன் அண்ட் லீ கல்லூரி அணி வந்தது. கறுப்பர் ஒருவர் களத்தில் நின்றால் ஆடமாட்டோம் என்றது. கல்லூரி பணிந்தது. ராப்சன் வெளியே அமர்த்தப்பட்டார்; ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அன்று அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? முதல் நாள் உடைந்த மூக்கைவிட இது மிகுதியாக வலித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூக்கை உடைத்தவர்கள் சில மாணவர்கள்; இங்கே தலையசைத்ததோ அவர் பயின்ற கல்லூரி.

அடுத்த ஆண்டு மேற்கு வர்ஜீனியா அணியும் இதே நிபந்தனையை விதித்தது. இம்முறை சான்ஃபோர்டு மறுத்துவிட்டார். ராப்சன் ஆடினார். அந்த ஆட்டமும் 7-7 எனச் சமநிலையில்தான் முடிந்தது. கணக்கேட்டில் இரண்டும் ஒரே முடிவுதான். எனினும், இரண்டையும் ஒன்றெனக் கொள்ள என்னால் இயலவில்லை.

1917, 1918 ஆகிய இரு பருவங்களிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் போற்றப்பட்டார். 1919ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் உரையாற்றியவரும் அவரே. மகனுக்குப் பேச்சுக்கலையைப் பயிற்றுவித்த தந்தை அவ்வுரையைக் கேட்க இல்லை. முந்தைய ஆண்டே மறைந்திருந்தார்.