மஞ்சளுக்குக் காத்திராதே

யாழ்ப்பாணம்
மார்கழி

அன்புள்ள தம்பிக்கு,

வன்னியில் மழை விட்டுவிட்டது என்று அம்மா சொன்னா. வெள்ளம் வடிந்து சனம் வயலுக்குள் இறங்கி ஒன்றிரண்டு கிழமை போகத்தான் எலிக்காய்ச்சல் தலைகாட்டும். உன் வாட்டுக்கு இனித்தான் வேலை. 2024 மார்கழியில் வடமராட்சியில் ஆட்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஊர் கலங்கியது உனக்கு நினைவிருக்கும்.

கடுமையான எலிக்காய்ச்சல் என்றால் செங்கமாரியும் சிறுநீரகப் பழுதும் என்றே படித்து வந்திருக்கிறோம். 1886இல் வைல் என்ற வைத்தியர் எழுதி வைத்தது அது. ஆனால் 1995இல் நிக்கராகுவாவில் பெருமழைக்குப் பிறகு, மஞ்சளே இல்லாமல் நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து ஆட்கள் இறந்தார்கள். டெங்கு என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள், அதுவும் எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது.

போன போகத்தில் ஒரு கமக்காரர் இங்கே நடந்தே வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை. பீளையில்லாத சிவப்பு மட்டும். கெண்டைக்காலை மெல்ல அமத்தினேன், வெடுக்கென்று காலை இழுத்தார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன்: 28. சளியில் இரத்தம் இல்லை, ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக வெள்ளை. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம், பிழைத்தார். இரத்தம் வாயால் வரட்டும் என்று இருந்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார்.

அதனால் காய்ச்சலோடு வரும் எவரிடமும் வயல், வாய்க்கால், வெள்ளம் என்று கேள். மூச்சை நீயே எண்ணு. இருமலோடு ஒட்சிசன் அளவோ ஹீமோகுளோபினோ இறங்கினால் நுரையீரலைச் சந்தேகி. முதல் கிழமையில் இரத்தத்தில் எதிர்ப்புடல் தெரியாமல் போகலாம். பரிசோதனை முடிவு வரும்வரை பென்சிலினைத் தள்ளிப்போடாதே. முதல் ஊசிக்குப் பிறகு சிலருக்கு நடுக்கமும் காய்ச்சலும் கூடும், பிரஷர் இறங்கும். பக்கத்தில் நின்று பார், மருந்தை நிறுத்தாதே.

நாடி தாறுமாறாக ஓடினால் ஈசிஜி எடு. இதயத் தசை அழன்றிருக்கும்போது சேலைனை அள்ளி ஏற்றினால் நுரையீரல் நிறைந்துவிடும். சலம் நன்றாகப் போகிறது என்று சிறுநீரகத்தை நம்பிவிடாதே. கிரியேட்டினின் ஏறும்போதே பொட்டாசியம் இறங்குவது இந்த நோயின் குணம். மேல்வயிறு வலித்து முதுகுக்குப் பாய்ந்தால் கணையத்தை யோசி. வீட்டுக்கு அனுப்பும்போது, மாதங்கள் கழித்தும் கண் சிவந்து பார்வை மங்கினால் வரச் சொல்லு.

உன் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் இல்லை. மூச்சு ஏறத் தொடங்கியதுமே அம்புலன்சைக் கூப்பிடு. வீணாக அனுப்பினாய் என்று யாரும் ஏசினால் ஏசட்டும். வயலுக்கு இறங்குகிற ஆட்களுக்கு டொக்சிசைக்கிளின் போய்ச் சேருகிறதா என்று சுகாதார வைத்திய அதிகாரியிடமும் கேட்டுவை. சந்தேகம் வந்தால் எந்தச் சாமத்திலும் எனக்கு எடு.

அன்புடன்,
அக்கா