புது மீன் வரும்போது பழைய மீனுக்கு என்ன ஆகும்?

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம், "புது மீனை எப்படித் தொட்டியில் விடுவது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பையை மிதக்க விடு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஊற்று, ஒரு மணி நேரம் பொறு, அப்புறம் விட்டுவிடு. இதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. புது மீன் பத்திரமாக உள்ளே போவது ஒரு பாதி. அது போன பிறகு ஏற்கனவே அங்கே இருப்பவை பத்திரமாக இருக்குமா என்பது இன்னொரு பாதி.

உதாரணத்துக்கு சென்னையில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டு ஹாலில் 200 லிட்டர் தொட்டி. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதன் பெயரே நீமோதான். மூன்று வருடமாக இரண்டும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகிறார். முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு, முதுகில் கொடி மாதிரி ஒரு துடுப்பு... ஒரு ஃபயர்ஃபிஷ் கண்ணில் படுகிறது. கடைக்காரர் சொல்கிறார், "ஒண்ணும் ஆகாது சார், நேரா விட்டுடலாம்."

இங்கேதான் நிற்க வேண்டும்.

முதலில் உப்பு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 அல்லது 1.026. ஆனால் மீன் மட்டும் வைத்திருக்கும் கடைகளில் இதை 1.020-க்கும் கீழே வைப்பது உண்டு. உப்புச் செலவு குறையும், ஒட்டுண்ணிகளும் கொஞ்சம் அடங்கும். கடல் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட அது கடல் நீரைக் குடித்து, அதிகப்படி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. இப்படி ஒரு உடம்பைக் குறைந்த உப்பிலிருந்து அதிக உப்புக்குத் திடீரென்று மாற்றினால் தாங்காது. உப்பைக் குறைப்பதைவிட ஏற்றுவதுதான் மீனுக்குக் கஷ்டம். அதனால் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பைத் தண்ணீரை அளந்து பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது.

அப்படியானால் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் ஊற்றினால் போதுமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. மீன் கழிக்கும் அம்மோனியாவும் அதே தண்ணீரில் சேர்கிறது. பிஎச் குறைவாக இருக்கும்வரை அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற அவ்வளவு கெடுதல் இல்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியம் விஷமுள்ள அம்மோனியாவாக மாறும். கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்த மீனுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வெளியூரிலிருந்து ஒரு நாள் பார்சலில் வந்த மீனைத் திறந்த பையில் மணிக்கணக்கில் வைப்பது, நல்லது செய்வதாக நினைத்து விஷத்தில் ஊறவைக்கிற கதைதான்.

இதற்கு வழி ரொம்ப எளிது. மீன் வருவதற்கு முன்பே தனியாக ஒரு சின்னத் தொட்டியைத் தயார் செய்துவிட வேண்டும். கடையில் ஒப்படர்த்தி என்ன என்று கேட்டு, அதே அளவில் இந்தத் தண்ணீரைக் கலந்து வைக்கலாம். மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பநிலை சரியாகிவிடும். அளந்து பார்த்து, உப்பு ஒத்துப்போனால் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. பிறகு சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சின்னத் தொட்டிதான் அந்த இன்னொரு பாதிக்கும் பதில். 2020-க்குப் பிறகு குவாரண்டைன் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை :)

கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் தின்று வளர்ந்து, பிறகு தானே உதிர்ந்து விழும். புள்ளி மறைந்தவுடன் "சரியாயிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அப்போதுதான் அது மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டு, கூடு கட்டி, உள்ளே பல மடங்காகப் பெருகிக்கொண்டிருக்கும். சில நாட்களிலோ சில வாரங்களிலோ குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். ஆனால் தொட்டி என்பது கடல் இல்லையே. 200 லிட்டரில் மீன் எங்கே ஓடி ஒளியும்?

பெரிய தொட்டிக்குள் இது ஒருமுறை வந்துவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு. தாமிர மருந்து ஒட்டுண்ணியைக் கொல்லும். கூடவே இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். ஆகவே எல்லா மீன்களையும் பிடித்து வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியை மீனே இல்லாமல் காலியாக விட வேண்டும். கூடு வெடிக்க 72 நாட்கள் வரை ஆனதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தொட்டி வளர்ப்பவர்கள் 76 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு மீனை ஒரு மாதம் தனியாக வைக்கச் சோம்பல்பட்டால், இரண்டரை மாதம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

பி.காம் படிப்பவர்களுக்கு 1932-ஆம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நினைவிருக்கும். 31-ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எல்லாக் கூட்டாளிகளும் சம்மதித்தால்தான் புதுக் கூட்டாளியைச் சேர்க்கலாம். அவர் சேருவதற்கு முன் நிறுவனம் செய்த காரியங்களுக்கு அவர் பொறுப்பில்லை. மீன் தொட்டியில் இது தலைகீழ். யாரும் சம்மதம் கேட்பதில்லை. புதிதாக வந்தது முன்பு எங்கெங்கோ சேர்த்துக்கொண்டு வந்த கடனைப் பழைய மீன்கள் கட்டுகின்றன. உயிரால் கட்டுகின்றன. அவற்றின் சார்பில் யோசிக்க வேண்டியவர் தொட்டிக்காரர் ஒருவர்தான்.

தனித்தொட்டிக்குப் பெரிய செலவு இல்லை. 40 அல்லது 50 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அந்த ஸ்பாஞ்சை ஒரு மாதம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். அப்படியும் அம்மோனியாவை அடிக்கடி சோதிக்க வேண்டும். வலையும் குழாயும் இந்தத் தொட்டிக்குத் தனி. குறைந்தது நான்கு வாரம் மீனைக் கவனிக்க வேண்டும். சாப்பிடுகிறதா, வேகமாக மூச்சு வாங்குகிறதா, உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதற்கும் இதுதான் இடம். ஃபயர்ஃபிஷ் பயந்தால் துள்ளிக் குதிக்கும், அதனால் இரண்டு தொட்டிக்கும் மூடி அவசியம்.

நான்கு வாரம் கழித்து பெரிய தொட்டிக்கு மாற்றும்போது நோய் பயம் போயிருக்கும், சண்டை பயம் பாக்கி இருக்கும். கோமாளி ஜோடியில் பெரியது பெண், வீட்டை ஆள்வதும் அதுதான். மூன்றாவதாக இன்னொரு கோமாளியை விட்டால் அடி நிச்சயம். வேறு இனம் என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முதலில் பழைய மீன்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுவது நல்லது. இரண்டு பாறைகளை இடம் மாற்றினால் பழையவர்களின் எல்லைக்கோடு கலைந்துபோகும். துளை போட்ட ஒளிபுகும் பெட்டிக்குள் புது மீனை இரண்டு மூன்று நாள் வைத்து, முகம் பழகவிட்டுப் பிறகு திறப்பது இன்னும் நல்லது. ஒரே நாளில் நான்கைந்து மீன் சேர்த்தால் பாக்டீரியாவால் அம்மோனியாவைச் சமாளிக்க முடியாது. ஒன்று, இடைவெளி, அப்புறம் இன்னொன்று.

கோமாளி மீனை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பண்ணை மீன் பவளப்பாறையிலிருந்து பிடித்து வந்ததல்ல என்பது நல்ல விஷயம். ஆனால் கடையில் அதுவும் மற்ற மீன்களோடு ஒரே தண்ணீரில்தான் இருந்திருக்கும். எனவே அதற்கும் நான்கு வாரம்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். அவ்வளவு நீண்ட ஆயுளுக்கு முன்னால் ஒரு மாதக் காத்திருப்பு பெரிய விலை இல்லை.

வீட்டில் தனித்தொட்டி தயாராக இல்லாத நாளில் மீன் கடைக்குப் போகலாம், ஆசை தீரப் பார்க்கலாம். வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவதுதான் நல்லது.