ஓடாத விதி

“சார், இந்த பாலிசிக்கு மட்டும் தள்ளுபடி விழலையே, ஏன்?” வாகனக் காப்பீட்டு மென்பொருளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழகியிருக்கும். சாதாரண ஜாவா நிரல் என்றால் பதில் தேட வழி உண்டு. எந்த வரியில் பிழை வந்தது என்று லாக் சொல்லிவிடும். டீபக்கரைப் போட்டு வரிவரியாகப் போய்ப் பார்க்கலாம். விதிகளைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்து ஓடவிடும் ரூல் எஞ்சினில் அந்த வசதி பாதிதான். ஓடிய விதியை எஞ்சின் காட்டிக்கொடுக்கும். ஓடாத விதியைப் பற்றி அது வாயே திறக்காது.

நான் பழகியது ட்ரூல்ஸ். 2001-இல் பாப் மெக்விர்ட்டர் தொடங்கியது. மார்க் ப்ராக்டர் தலைமையில் வளர்ந்து 2005-இல் ஜேபாஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜேபாஸையே ரெட் ஹாட் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு விதியிலும் ‘வென்’ என்றொரு பகுதி, ‘தென்’ என்றொரு பகுதி. முதலாவதில் நிபந்தனை, அடுத்ததில் செயல். எந்த விதி முன்னால், எது பின்னால் என்று நாம் எழுதுவதில்லை. தரவை உள்ளே போட்டு, ஃபயர்ஆல்ரூல்ஸ் என்று கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இஃப்-எல்ஸ் எழுதியே வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒதுங்கி நிற்கத்தான் மனம் வராது.

அந்தத் தவிப்பில் கைக்கு அகப்படுவது சேலியன்ஸ். விதிக்கு ஓர் எண் கொடுத்தால், எண் பெரிதானது முதலில் ஓடும். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை போட்ட கதைதான். முதலில் ஒருவர் 10 என்று போடுவார். அவரை முந்த வேண்டியவர் 100. வெள்ளிக்கிழமை மாலை அவசரத் திருத்தம் செய்பவர் 9999. கொஞ்ச நாளில் வரிசையை எண்களை வைத்தே எழுதியிருப்போம். அதற்கு இஃப்-எல்ஸே போதுமே. சேலியன்ஸ் நிறையத் தென்படும் கோப்பைத் திறந்தால், எழுதியவருக்கு எஞ்சின்மேல் நம்பிக்கை வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

எஞ்சின் தன் போக்கில் வரிசை போடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான விதிகளையும் தரவுகளையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஒப்பிட்டால் கணினி மூச்சுத் திணறிவிடும். 1970-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபோர்கி இதற்கு ஒரு வழி கண்டார்: ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே மாறுவது கொஞ்சம்தான், ஆகவே பாதி பொருந்தியதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். அந்த ரீட்டி அல்காரிதம்தான் இந்த எஞ்சின்கள் பலவற்றுக்கும் மூலம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் தன் வேக்ஸ் கணினிகளுக்கு எந்தெந்த பாகம் சேரும் என்று முடிவுசெய்ய வைத்திருந்த எக்ஸ்கான், ஃபோர்கி உருவாக்கிய ஓபிஎஸ்5 மொழியில் எழுதப்பட்டது. ட்ரூல்ஸும் பல பதிப்புகள் ரீட்டியில்தான் ஓடியது. 6-ஆம் பதிப்பில் அதைத் திருத்தி ஃப்ரீக் என்று புதிதாகச் செய்துகொண்டார்கள்.

வேகத்துக்கு விலை நினைவகம். வேலை முடிந்ததும், தரவையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் செஷனை டிஸ்போஸ் செய்யாமல் விட்ட சர்வர் மெல்ல மெல்ல வீங்கி, சரியாக மாத இறுதியில் படுத்துக்கொள்ளும்.

தரவு மாறியது எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். ‘தென்’ பகுதியில் செட்டரை மட்டும் கூப்பிட்டால் மதிப்பு மாறும், எஞ்சினுக்குச் சேதி போகாது. அதை நம்பியிருக்கும் அடுத்த விதி அப்படியே உட்கார்ந்திருக்கும். மாடிஃபை போட்டால் சேதி போகும், ஆனால் சில சமயம் தேவைக்கு மேல். இந்தியாவில் ஓராண்டு கிளெய்ம் எடுக்காத வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான ப்ரீமியத்தில் 20 சதவீதம் நோ-கிளெய்ம் போனஸ். படிப்படியாக ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். ‘கிளெய்ம் இல்லாத ஆண்டு 1, ப்ரீமியம் 0-க்கு மேல்’ என்று நிபந்தனை எழுதி, செயலில் ப்ரீமியத்தைக் குறைத்து மாடிஃபை செய்து பாருங்கள். 10,000 ரூபாய் 8,000 ஆகும். ப்ரீமியம் மாறிவிட்டதே என்று எஞ்சின் மறுபடி பார்க்கும். இன்னும் 0-க்கு மேல்தான். 6,400. பிறகு 5,120. இப்படியே இறங்கிக்கொண்டிருக்கும்.

நோ-லூப் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் இது நின்றுவிடும். அதனால் எல்லாரும் அதையே மருந்தாக நினைக்கிறார்கள். ஒரு விதி தன் செயலாலேயே தன்னை மறுபடி எழுப்புவதை மட்டும்தான் அது தடுக்கும். குறைந்தபட்ச ப்ரீமியத்துக்குக் கீழே போனால் உயர்த்து என்று பக்கத்தில் இன்னொரு விதி இருந்தால், இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று எழுப்பிவிடும். தள்ளுபடி கொடுத்தாயிற்று என்பதையே ஒரு தரவாக உள்ளே போட்டு, அது இல்லாதபோது மட்டும் ஓடு என்று நிபந்தனை எழுதுவதே எனக்குப் பிடித்த வழி. இரண்டு வரி கூடும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குப் புரியும்.

இனி ஓடாத விதியின் மௌனத்துக்கு வருவோம். விதியை எழுதிவைத்த டிஆர்எல் கோப்பு இருக்கும் பேக்கேஜ், கேமாட்யூல் கோப்பில் எழுதியதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த விதி உள்ளேயே ஏறாது. நிரலிலிருந்து விதிகளைக் கம்பைல் செய்தால், முடிவில் பிழை இருக்கிறதா என்று நாமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். தரவில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருந்தாலும் பொருந்தாது. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது கிளாஸ்லோடர்: ஸ்ப்ரிங் பூட்டின் டெவ்டூல்ஸ் போட்டிருந்தால், விதி அறிந்த பாலிசி கிளாஸும் நாம் கொடுத்த பாலிசி கிளாஸும் பெயரில் ஒன்று, ஜேவிஎம் கண்ணுக்கு வேறு வேறு. நிபந்தனையை எத்தனை தடவை படித்தாலும் சரியாகத்தான் தெரியும்.

ஆகவே நிபந்தனையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதலில் அஜெண்டா ஈவென்ட் லிசனரை மாட்டி, எது ஓடியது என்ற பட்டியலை எடுக்க வேண்டும். பிறகு ஓடாத விதியை நகலெடுத்து, ‘வென்’ பகுதியில் பாலிசி என்ற ஒன்றை மட்டும் விட்டு, ‘தென்’ பகுதியில் ஒரு பிரிண்ட். அதுவே ஓடவில்லை என்றால் சிக்கல் ஏற்றுவதில் இருக்கிறது. ஓடினால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் பேச்சு நிற்கிறதோ, ஆள் அதுதான். அலுப்பான வேலை, ஆனால் ஏமாற்றியதில்லை.

இந்த எஞ்சின்களை விற்கும்போது ஒரு வாக்குறுதி தருவார்கள்: நிரல் தெரியாத பிசினஸ் ஆட்களே எக்செல் அட்டவணையில் விதி எழுதிக்கொள்ளலாம். எழுதுகிறார்கள்தான். ஆனால் ட்ரூல்ஸ் அட்டவணையில் நிபந்தனைக் கட்டம் காலியாக இருந்தால், அந்த நிபந்தனையே இல்லை என்று பொருள். ‘இது பொருந்தாது’ என்று நினைத்து ஒருவர் கட்டத்தை அழித்தால், மற்ற நிபந்தனைகள் பொருந்தும் எல்லாருக்கும் அந்த வரி பொருந்திவிடும். இதற்கு “ஏன் சார்?” என்று யாரும் போன் செய்வதில்லை. கேட்காத தள்ளுபடி கிடைத்தவர் எதற்குப் புகார் சொல்லப்போகிறார்? ஆடிட்டர் வந்து கேட்கும்வரை அந்த விதி ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.