சொல்லும் விளக்கமும்

நெய்வேலி நிலத்தின் அடியில் கிடைக்கும் எரிபொருளுக்கு ஆங்கிலத்தில் லிக்னைட் என்று பெயர். அது மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி வந்தது. ‘பழுப்பு நிலக்கரி’ என்னும் தமிழ்ப்பெயரோ அதன் நிறத்தையும் இனத்தையும் ஒருங்கே உணர்த்துகிறது. 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனத்தின் தமிழ்ப்பெயரிலும் அச்சொல்லே இடம்பெற்றது.

கலைச்சொற்கள் அனைத்தும் இவ்வாறு தாமே விளங்குவதில்லை. அந்நகரியத்து மாணவி ஒருத்தி, தன் கணினி நிரலில் பிழை காண, வழுநீக்கி மென்பொருளின் கையேட்டைத் திறக்கிறாள் என்க. ‘வழு’ அவளுக்குப் புதிதன்று. வழு, வழாநிலை, வழுவமைதி என இலக்கண வகுப்பில் பயின்றதே. ஆனால், ‘நிறுத்தப்புள்ளி என்பது நிரல் நிற்கும் வரி’ என்று மட்டும் கையேடு கூறினால் ஐயம் பிறக்கும். அவ்வரி இயங்கிய பின் நிற்குமா, இயங்கும் முன் நிற்குமா? இயங்கும் முன்னரே நிற்கும் என்பதை அறியாதவள், இன்னும் மாறாத மதிப்பைக் கண்டு, சரியான வரியையே பிழையெனத் திருத்திவிடுவாள். ‘இவ்வரி இயங்குவதற்கு முன் நிரல் நிற்கும்’ என்னும் ஒரு தொடர் அவ்விடரைத் தவிர்த்துவிடும்.

சொல்லைப் படைப்பதோடு கலைச்சொல்லாக்கம் முடிவதில்லை. அச்சொல் சுட்டும் செயலை ஐயமற விளக்கும்போதே அது நிறைவுறுகிறது.