படத்தில் இல்லாத அடுப்பு

கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேலே, இத்தீவின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவில், காலை மூடுபனிக்குள்ளே வரைபலகையைக் கம்பளியால் சுற்றி அணைத்துக்கொண்டு வண்டியேறி, நானுஓயாவில் குல்லாயையும், ஹட்டனில் மேற்சட்டையையும், நாவலப்பிட்டியில் உள்ளே போட்டிருந்த பனியனையும் கழற்றிப் பையில் திணித்து, பொழுது சாயும் வேளையில் கொழும்புக் கோட்டையில் வியர்த்து வழிய இறங்கி நிற்கும் அந்தப் பிரயாணத்தை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற ஐந்து வருஷமும் நான் செய்திருக்கிறேன். உளச்சார்புப் பரீட்சையில் தேறி முதன்முதலாக அப்படி இறங்கிய நாளில், அந்த உயரமும் இந்தத் தாழ்வுமே பின்னால் எனக்குப் பாடமாக அமையப் போகின்றன என்ற பிரக்ஞை எனக்கு இருக்கவில்லை.

கட்டுபெத்தையின் இரவுகள் நீண்டவை. முன்கை வியர்வையில் ட்ரேசிங் தாள் ஒட்டிச் சுருங்காதிருக்க மணிக்கட்டின் கீழே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு கோடு இழுத்ததும், க்ரிட் என்னும் விமர்சன அமர்வுக்கு முந்திய இரவில் மொடலின் அட்டைச் சுவர்கள் பசை காயாமல் சரிய, சிங்களத் தோழன் ஒருவன் விடியும்வரை அவற்றை விரல்களால் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் இன்றும் என் மனத்தை நெகிழ்விக்கும் ஞாபகங்கள். 1948இல் வாங்கிய ரப்பர் தோட்டமொன்றை ஆயுள் முழுதும் திருத்தித் திருத்தி ஜெப்ரி பாவா சிருஷ்டித்த லுணுகங்கையைக் காணப் பெந்தோட்டைக்குப் போனோம். சுவருக்கும் தோட்டத்துக்கும் எல்லை எங்கே என்று தெரியாத அந்த இடத்தில் பேச்சற்று நின்றேன். அகன்ற தாழ்வாரம், நடுமுற்றம், எதிரெதிரான திறப்புகள் என்று காற்றை உபசரித்து உள்ளே அழைப்பதுதான் வீடு என்னும் எண்ணம் அன்று என்னுள் வேரூன்றிவிட்டது. கடலோரத்துக்கு அது சத்தியமே.

இரண்டாம் வருஷத்து விடுமுறையில், அம்மாவுக்கென்று நானே வரைந்த வீட்டின் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலையேறினேன். தை மாதம், அம்பேவெலவின் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, ஈரப் படங்கை அவிழ்த்து அடுப்பருகே விரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. அடுப்பு எங்க? இத்தன சன்னலத் தொறந்து வச்சா ராத்திரிக் குளிருக்கு நாங்க எங்க ஒக்காருறது?”

மறுநாள் அளவு நாடாவை எடுத்து, நான் பிறந்த லயக் காம்பராவை முதன்முறையாக அளந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னே ஓர் இஸ்தோப்பு, இரட்டை லயமாதலால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம், ஆகவே பின்புறம் ஜன்னலுக்கு இடமே இல்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில்தான் புகை வெளியேற வேண்டும். அது வெளியேறியது போக எஞ்சியது, என் தோள் உயரத்துக்கு மேலே சுவரெங்கும் கரியாகப் படிந்திருந்தது. ஆனால் அந்தப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தபோது, அப்பால் எரிந்த அடுப்பின் சூடு கல்லினூடே மெல்ல வந்து சேர்ந்தது. காற்றையோ வெளிச்சத்தையோ கருதாமல் நூறாண்டுக்கு முன் கட்டப்பட்ட அந்தச் சுவரைச் சுவாலையும் சுவாசமுமாக உயிர்ப்பித்து வைத்திருந்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்களே. மேட்டிலிருக்கும் துரை பங்களாவின் கூரையில் புகைபோக்கிகள் தெரிகின்றன. குளிர் இரண்டு கூரைக்கும் ஒன்றுதான்; கட்டியவர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. இதை நினைக்கையில் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

1948இலேயே பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவகத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணியாகிய மினெட் டி சில்வா, கண்டி வட்டபுலுவவில் வீடமைப்புத் திட்டம் வகுத்தபோது, குடியேறப் போகிறவர்களின் தேவைகளை அவர்களிடமே கேட்டறிந்த பின்னரே வரைந்தார் என்பதைப் பிற்பாடு படித்தேன். அம்மாவின் கேள்விக்கு அது ஒரு பெரிய துணையாக வந்தது. லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு என்பது எங்கள் சனத்துக்கு எத்தகைய பாக்கியம் என்பதை லயத்தில் பிறந்தவன் அறிவான். அத்தகைய வீட்டின் படம் கைக்கு வரும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது அடுப்பின் இடத்தைத்தான்.

இறுதி வருஷத்தில் நான் வரைந்தவை, இரண்டிரண்டாக முதுகொட்டி நிற்கும் வீடுகள். நடுச்சுவரில் இரு குடும்பத்து அடுப்புகளுக்கும் பொதுவாக ஒரு செங்கல் புகைபோக்கி. வாடைக்காற்று வரும் திசையில் சிறு ஜன்னல். காலை வெயில் விழும் பக்கத்தில் அகன்ற கண்ணாடி. அதையும் அம்மாவிடம் கொண்டுபோய் விரித்தேன். புகைபோக்கியின் மேல் விரலை வைத்து, அது கூரையைத் தாண்டும் இடம்வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.

“மழைக்கு நனையாம மிலாறு அடுக்க எடம் வேணுமே?”

கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு ஒரு கட்டு எவ்வளவு நீளம் என்று கேட்டேன். அம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். நாடாவைப் பிடித்து அளந்து, இஸ்தோப்பின் ஓரத்தில், கூரை இறக்கத்தின் கீழே, பென்சிலால் அந்த இடத்தைக் குறித்தேன்.