மேலே பூவும் கீழே சேறும்

நான் திருப்பதிக்கு மாற்றலாகி வந்தது 2018ஆம் ஆண்டில். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் சித்தூரில் வேலை பார்த்தேன். வாடகை குறைவு என்பதற்காக நகரின் ஓரத்தில், ஏரிக்கரையை அடுத்த தெரு ஒன்றில் வீடு அமர்த்திக்கொண்டோம். குடிபுகுந்த மறுநாள் காலையில் மாடிக்குச் சென்ற என் மகள் அங்கிருந்து கூவி அழைத்தாள். சென்று பார்த்தேன். ஏரி முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இலைகள். இலைகளுக்கு மேலே ஊதா நிறப் பூங்கொத்துகள். “தண்ணீரே தெரியவில்லையே அப்பா!” என்று அவள் வியந்தாள். நானும் உடன் வியந்தேன். தண்ணீர் தெரியாத ஏரியைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதை இன்று எண்ணினாலும் நாணம் மேலிடுகிறது.

அச்செடியை நம்மவர் வெங்காயத் தாமரை என்பர். ஆகாயத் தாமரை என்பாரும் உண்டு. இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பியிருப்பதால் முதற்பெயர் வந்தது. இவ்வூர்த் தெலுங்கு மக்கள் அதனைக் ‘குர்ரபு டெக்க’ என்கின்றனர். குதிரைக் குளம்பு என்பது பொருள். ஆனால் அது தமிழ்நாட்டுக்கோ தெலுங்கு நாட்டுக்கோ உரியது அன்று. தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பகுதியே அதன் தாயகம். பூவின் அழகில் மயங்கிய மனிதர்கள் அதனை நாடு நாடாகக் கொண்டு சென்றனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்த அது, சில பத்தாண்டுகளில் படகு வழிகளை அடைத்து, நெல்வயல்களில் புகுந்து, மீன்பிடி தொழிலையும் கெடுத்தது. அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் அங்கு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

அது பரவும் விரைவு அச்சம் தருவது. தாய்ச்செடியிலிருந்து கொடி ஓடி, கொடியின் நுனியில் சேய்ச்செடி தோன்றும். கோடைச் சூடும் கழிவுநீரும் வாய்த்துவிட்டால் இரண்டு வாரத்திற்குள் பரப்பு இருமடங்காகிவிடும். அதன் விதையோ சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். எங்கள் ஏரியில் அதற்கு விருந்து படைத்தவர்கள் வேறு யாரும் அல்லர். எங்கள் தெருவின் சாக்கடை அந்த ஏரியில்தான் சென்று விழுந்தது.

இவற்றையெல்லாம் எனக்கு உணர்த்தியவர் ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருந்த ஒரு முதியவர். தாய்மொழி தெலுங்கு, தமிழும் தடையின்றிப் பேசுவார். நான் அவரைப் ‘பெத்தய்யா’ என்று அழைப்பேன். அவர் என்னை ‘நாயனா’ என்பார். 2021ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை, கரைமீது நடந்துகொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

“நாயனா, எல்லாரும் மேலே இருக்கிற பூவைத்தான் பார்க்கிறார்கள். நோய் வயிற்றில் இருக்கிறது. இந்தச் செடி செத்தால் எங்கே போகும்? அடியில்தான் படியும். வருடம் முழுக்க மேலே முளைக்கிறது, வருடம் முழுக்கக் கீழே சேறாகிறது” என்றார்.

அவர் சொன்னது அறிவியலுக்கு முற்றும் ஒத்தது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். செடியின் வேர்த்தொகுதி, நீரில் மிதந்து வரும் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. மடிந்த இலையும் தண்டும் அழுகி அடியில் இறங்குகின்றன. ஏரி மேடிடுகிறது, நீரின் ஆழம் குறைகிறது. மேடிட்ட ஓரங்களில் கோரையும் சம்பும் வேர் ஊன்றுகின்றன. மருந்து தெளித்துச் செடியைக் கொன்றாலும் பயன் இல்லை. ஒரே வேளையில் அவ்வளவு செடியும் அழுகுவதால் நீரில் உயிர்வளி குன்றி மீன்கள் மடியும். சேறும் ஒரேயடியாகக் கூடும். ஆகவே களையையும் வண்டலையும் இருவேறு குறைகளாகக் கருதுவது பிழை. அவை ஒரே குறையின் இரண்டு முகங்கள்.

முற்காலத்தில் ஏரியில் வண்டல் படியவில்லையா? படிந்தது. எனினும் அதனைக் கேட்டுப் பெறுவார் இருந்தனர். கோடையில் நீர் வற்றியதும் வண்டிகள் ஏரிக்குள் இறங்கும். செம்மண் நிலத்தில் வேர்க்கடலை பயிரிட்டவர்களுக்கு அந்த வண்டல் ஒரு செல்வம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், எருவும் ஆகும். பெத்தய்யா தம் இளமையில், வண்டி முறைக்காக விடியுமுன்பே சென்று வரிசையில் நின்றாராம். பிறகு மூட்டை உரம் வந்தது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது. ஏரியின் நீரும் வேண்டியதில்லை, மண்ணும் வேண்டியதில்லை என்றாயிற்று. இதில் ஒரு முரணும் உண்டு. அருகே ஓடும் சுவர்ணமுகி ஆற்றில் கிடக்க வேண்டிய மணல் லாரி லாரியாகச் சென்றது. ஏரியை விட்டுச் செல்ல வேண்டிய வண்டலோ இருந்த இடத்திலேயே கிடந்தது.

நம் சங்க மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத ஆண்டு இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட அவ்விரு சாசனங்களில் ‘ஏரி வாரியம்’ இடம்பெறுவதை நானும் மேடையேறிப் பெருமையுடன் சொல்லியிருக்கிறேன். அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதும் இல்லை. திருமலை, திருப்பதிக் கோயில்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விசயநகர வேந்தர் காலத்தில் அன்பர்கள் வழங்கிய பொற்காசுகளைக் கோயிலார் தமக்குரிய சிற்றூர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் செலவிட்டனர் என்பதை அவற்றால் அறிகிறோம். அதனால் பெருகிய விளைச்சலே நாள்தோறும் பெருமானுக்கு அமுதாயிற்று. பர்ட்டன் ஸ்டைன் என்னும் வரலாற்றறிஞர் 1960இல் இதனை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். திருவேங்கடவன் அமுதுபடியில் ஏரிச் சேற்றைத் தூர்வாரியவனுக்கும் பங்கு இருந்தது என்று நான் எண்ணிக்கொள்வது உண்டு.

ஆங்கிலேயர் ஆட்சியில் குடிமராமத்து தளர்ந்தது. 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. மக்கள் தாமே செய்துவந்ததைச் சட்டத்தின் கோல்கொண்டு செய்விக்க வேண்டிய நிலை அப்போதே தோன்றிவிட்டது.

அன்று மாலை பெத்தய்யா என்னை நிறுத்தியது பாடம் சொல்வதற்காக அன்று. “கலுஜு வாயில் குர்ரபு டெக்க வந்து அடைத்து நிற்கிறது. ஐப்பசிக்குள் எடுக்க வேண்டும். ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடு நாயனா. நீ தினமும் எழுதுகிறவன்தானே” என்றார்.

கலுஜு என்பது நாம் கலிங்கு என்னும் மிகுநீர் வழி. எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கத்தில் மனுவை எழுதியும் முடித்தேன். ஆனால் கையெழுத்து இட என் கை முன்வரவில்லை. நானோ மத்திய அரசு ஊழியன். மாநில அலுவலகத்திற்கு மனுச் செய்தால் நடத்தை விதிகளின்படி கேள்வி எழுமோ என்று ஓர் ஐயம். மேலும் நாம் வந்தேறிகள். இன்று இருப்போம், நாளை மாற்றலாகிச் செல்வோம். ஊராரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு சமாதானம். மனு மேசை இழுப்பறைக்குள் சென்றது. பெத்தய்யா இருமுறை கேட்டார். “அடுத்த வாரம்” என்று இருமுறை சொன்னேன்.

2021ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாளை இவ்வட்டாரத்தார் எவரும் மறவார். மலைமீதும் ஊர்மீதும் ஒருசேரப் பேய்மழை கொட்டியது. சுவர்ணமுகியில் வெள்ளம் பெருகிற்று. இரண்டு மூன்று நாளில், விசயநகர காலத்ததாகிய இராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள ஊர்களின் மக்களை மேட்டுக்கு அனுப்பினர். நல்வேளையாக அக்கரை நின்றது.

எங்கள் சிற்றேரியின் கரை நிற்கவில்லை. மிதந்து வந்த செடிப்படலம் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலிங்கின் வாயில் சுவர்போல் நின்றது. சேற்றால் ஆழம் குறைந்த ஏரிக்கு அவ்வளவு நீரைத் தாங்க வயிறு இல்லை. நள்ளிரவில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. விடியற்காலையில் கரையின் தாழ்ந்த பகுதி ஒன்று உடைந்தது. பெத்தய்யாவின் இரண்டு ஏக்கர் நெற்பயிரும் மணலின் கீழே போயிற்று.

என் மனு சென்றிருந்தால் கரை காப்பாற்றப்பட்டிருக்கும் என்று உறுதிகூற மாட்டேன். அத்தகைய மழை அது. ஆனால் செல்லாத மனுவுக்கு நான் ஒருவனே பொறுப்பு.

பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். என்ன சொல்லித் தலை நிமிர்வது என்று கலங்கி நின்றேன். அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. “அந்தக் காகிதம் இருக்கிறதா நாயனா? இப்போதாவது கொடுப்போம்” என்றார். இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்தேன். அதில் மாற்ற வேண்டியது ஒன்றுமே இல்லை. தேதியை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டேன். இருபது ஆண்டுகள் கோப்புகளில் எழுதிய கை, அன்றுபோல் என்றும் நடுங்கியதில்லை.

2022ஆம் ஆண்டு கோடையில் மண்வாரும் இயந்திரம் ஒன்று வந்தது. செடிகளை வாரி நீரோரத்திலேயே குவித்துவிட்டுப் போயிற்று. முதல் மழையில் அவை வழுக்கி மீண்டும் நீரில் இறங்கின. அப்போதுதான் தெருவார் கூடினோம். தமிழ்க் குடும்பங்கள் ஐந்து, தெலுங்குக் குடும்பங்கள் பதினொன்று. மூங்கில்களைக் கயிற்றால் பிணைத்து மிதக்கவிட்டுச் செடிகளை ஒரு மூலைக்கு ஒதுக்கினோம். ஞாயிறுதோறும் துறட்டுக்கோலால் இழுத்து, கரைக்கு அப்பால் சுமந்து சென்று, சாணம் கலந்து மட்கவைத்தோம். பூப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். ஒரு துண்டும் நீரில் தங்கலாகாது. அகற்றிய இடத்தை வாரந்தோறும் பார்த்துவர வேண்டும். இம்மூன்றும் அனுபவத்தில் கற்றவை. இச்செடியைத் தின்னும் சிறு கூன்வண்டுகளை அதன் தாயகத்து இனத்திலிருந்து 1980களின் தொடக்கத்தில் பெங்களூருக்கு வருவித்து ஏரிகளில் விட்டனர். சில ஆண்டுகளில் நல்ல பயன் கிட்டியது. ஆனால் வண்டுக்கும் காலம் வேண்டும். சாக்கடை நில்லாதவரை எம்முறையும் அரைமுறையே. ஆதலால் எங்கள் வீட்டுக் கழிவுநீருக்கு உறிஞ்சுகுழி தோண்டினோம். தெரு முழுவதும் இன்னும் முடியவில்லை.

வண்டல் எடுப்பதிலும் வரைமுறை உண்டு என்பதைப் பெத்தய்யா கற்பித்தார். கரையடியில் தோண்டினால் கரை வலுவிழக்கும். ஆழக் குழி பறித்தால் அடியில் நீரைத் தாங்கும் களிமண் படுகை கிழிந்துபோகும். பரவலாக, மேலோட்டமாக எடுக்க வேண்டும். சாக்கடை விழும் மூலையைத் தவிர்த்து, மண்ணைச் சோதித்துப் பார்த்த பின்னரே நிலத்துக்குக் கொண்டு சென்றோம். முதல் வண்டி யார் நிலத்துக்குச் சென்றது என்று சொல்ல வேண்டியதில்லை. மணல் மூடிய மண்ணுக்கு ஏரி வண்டலே மருந்தாயிற்று. இரண்டாம் ஆண்டு அந்நிலத்தில் கடலை விளைந்தது. ஒரு படி கடலையை எங்கள் வீட்டுக்கு அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதனை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி உண்டா என்று தயங்கினேன். என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

நாம் வந்தேறிகள், நமக்கு என்ன என்று எண்ணும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். சித்தூரில் நான் ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் கடந்து சென்ற நீவா ஆறு, எல்லை தாண்டியதும் பொன்னையாறு என்று பெயர் பெற்றுப் பாலாற்றில் கலக்கிறது. என் பிறந்த ஊர் அப்பொன்னையாற்றின் கரையில் உள்ளது. சித்தூரில் நாங்கள் ஆற்றில் கொட்டிய குப்பை, மழை வந்தால் என் தாயாரின் ஊர்ப் படித்துறைக்குச் செல்லும். இதனை அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் நான் எண்ணியதில்லை. நாம் கலிங்கு என்பதை அவர்கள் கலுஜு என்கின்றனர். நம் தூம்பு அவர்களுக்குத் தூமு. ஏரிக்கு நம் இரு மொழியும் தெரியும். நாம் எந்த ஊரார் என்று அது கேட்பதில்லை; நம் வீட்டுக் கழிவை மட்டும் அது அறியும்.

சென்ற ஞாயிறும் துறட்டுக்கோலுடன் சென்றேன். அகற்றிய இடத்தில் விதையிலிருந்து முளைத்த சிறு செடிகள் சில மீண்டும் தலைகாட்டின. எடுத்தோம். அடுத்த ஞாயிறும் வரும். அப்போதும் எடுக்க வேண்டியிருக்கும். உடன் வந்த என் மகள் நீரைக் காட்டி, “தண்ணீர் தெரிகிறதே அப்பா!” என்றாள். அது ஏரியின் கால் பங்குதான். ஆயினும் தெரிந்தது.